முதுகுக்குள் இரண்டு கம்பி – கடிதம்

அன்புள்ள அக்கா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். வயது 43. முதுகு ஆபரேஷன் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை என் சித்தி மகள் அனுப்பிவைத்தாள். அதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டெய்லர். பதினான்கு வயதில் தாவணிக்கு ஜாக்கெட் அளவெடுத்தபோது “பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கே” என்றார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். 30 வயதில் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 49 டிகிரி. போன மாதம் 61. இடுப்பு வலி தினமும் உண்டு. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் வலது கால் மரத்துப்போகிறது. சென்னையில் பார்த்த டாக்டர், “ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்” என்றார். யோசிக்கச் சொன்னதுதான் பெரிய தொல்லையாகிவிட்டது. அம்மா, “கால் விளங்காமப் போயிட்டா?” என்கிறார். மாமியார் எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டும் வைத்தியரிடம் போகலாம் என்கிறார். பக்கத்து வீட்டில், “இப்ப செய்யலேன்னா படுத்த படுக்கைதான்” என்கிறார்கள். வீட்டுக்காரர், “உன் இஷ்டம்” என்கிறார். சங்கத்தில் குறுவைக் கடன் ஆரம்பித்துவிட்டால் லீவே கிடைக்காது.

நீங்கள் பட்டவர். செய்துகொள்ளட்டுமா? முன்னால் செய்துகொண்ட யாரிடமாவது பேசினால் பயம் குறையுமா, கூடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசுங்கள். பயம் முதலில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இப்போது எதற்கென்று தெரியாமல் பயப்படுகிறீர்கள். பேசிய பிறகு இன்னின்னதற்கு என்று பயப்படுவீர்கள். அந்தப் பயத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

ஆனால் முதல் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். என்னைப் போன்ற யாரிடமும் கேட்காதீர்கள். செய்துகொண்டு தேறியவர் “கண்ணை மூடிக்கிட்டு செய்” என்பார். அவதிப்பட்டவர் “அந்தப் பக்கமே போகாதே” என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் முதுகைப் பற்றிச் சொல்கிறார்கள். இதில் இன்னொரு கோணலும் உண்டு. நன்றாகத் தேறியவர்கள் வேலை வெட்டி என்று போய்விடுகிறார்கள். தேடிப்பிடித்துப் பேசக் கிடைப்பவர்களில் சிரமப்படுகிறவர்களே அதிகம். பட்டவரிடம் “எப்படி” என்று கேளுங்கள். “செய்யலாமா” என்பதை டாக்டரிடமும் உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு உதவும் சில விஷயங்களைச் சொல்கிறேன். வளர்ச்சி முடியும்போதே 50 டிகிரியை ஒட்டி நிற்கும் வளைவு, அதன் பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கூடுவது வழக்கம். உங்கள் இரண்டு எக்ஸ்ரேக்களும் அதைத்தான் காட்டுகின்றன. திடீரென்று ஏதோ மோசமாகிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் படுத்த படுக்கைக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் அயோவாவில், சிகிச்சையே எடுக்காத ஸ்கோலியோசிஸ்காரர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் முடிவு வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட முதுகுவலி கூடுதலாக இருந்தது, தோற்றம் பற்றிய மனக்குறை இருந்தது. ஆனால் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். யாரும் உங்களைக் கோழை என்று சொல்ல முடியாது. நீங்கள் எடைபோட வேண்டியது வலியையும் கால் மரத்துப்போவதையும். அது எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, உங்கள் நாளில் எவ்வளவைத் தின்கிறது என்பதை. கால் பலவீனமானாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ மட்டும் “அவசரமில்லை” செல்லாது. அன்றைக்கே ஓட வேண்டும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஆனால் அந்தக் கட்டு வேண்டவே வேண்டாம். வளர்ந்து முடிந்த எலும்பை எண்ணெயும் துணியும் நிமிர்த்தாது. பெல்ட் போன்ற பிரேஸ்கூட வளரும் பிள்ளைகளுக்கு வளைவு கூடாமல் தடுக்கத்தான். காலில் மரமரப்பு இருக்கும்போது முதுகை இழுத்து முறிக்க விடுவது ஆபத்து. உடற்பயிற்சி வேறு விஷயம். வளைவை மாற்றாது, வலியைக் குறைக்கும். ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்விக்கும் நேர்மையான பதில் வேண்டும். நரம்பு பாதிக்கும் அபாயம் உண்டு. இந்த ஆபரேஷன் செய்துகொள்ளும் பதின்வயதினரில் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நம் வயதில் அதைவிடக் கூடுதல். உங்கள் டாக்டர் இதுவரை செய்த பெரியவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆனது, எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது என்று நேராகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். நான் டாக்டரைத் தேர்ந்ததே அதை வைத்துத்தான்.

ஊரில் உலவும் பயங்கரக் கதைகள் பலவும் பழைய காலத்தவை. 1962இல் ஹூஸ்டன் டாக்டர் பால் ஹாரிங்டன் தன் கம்பி முறையைப் பற்றி எழுதினார். அந்தக் கம்பி போட்டவர்கள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார்கள். நரம்புக்குச் சேதமில்லையா என்று பார்க்க, ஆபரேஷன் நடுவிலேயே மயக்கத்தைத் தெளியவைத்து “காலை ஆட்டு” என்பார்கள். இன்றைக்குத் தலையிலும் கால்களிலும் மின்முனை பொருத்தி, நரம்பில் செய்தி போய்வருகிறதா என்று ஆபரேஷன் முழுக்கக் கவனிக்கிறார்கள். அந்த வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ இறக்கி, இரண்டு பக்கமும் கம்பி பூட்டி, நடுவில் எலும்புத்துகள் வைக்கிறார்கள். குப்புறப் படுக்கவைத்துப் பல மணி நேரம் ஆகும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழுப்பி நிற்கவைத்துவிடுவார்கள். கம்பியும் ஸ்க்ரூவும் எலும்பு கூடும்வரை பிடித்துக்கொள்வதற்குத்தான். எலும்பு ஒன்றாகச் சேர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். சேராவிட்டால் ஒருநாள் கம்பி உடையும். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, ரத்த அளவு எல்லாவற்றையும் முன்பே சரிசெய்யச் சொல்வது இதற்காகத்தான். நம் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு ரத்தம் குறைவு, அதைத் தேற்றவே சில மாதம் பிடிக்கும். வெற்றிலை போடுவீர்களா தெரியாது. கும்பகோணம் வெற்றிலையில் தப்பில்லை, கூட வைக்கிற புகையிலைதான் எதிரி. நிகோடின் எலும்பைச் சேரவிடாது.

இதெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். சொல்லாதவற்றை எனக்குச் சொன்னது திருத்துறைப்பூண்டிப் பக்கத்து டீச்சர் ஒருவர். என் பிசியோ அவரிடம் சம்மதம் கேட்டு என்னைப் பேசவைத்தார். “வலி போயிடுச்சா டீச்சர்?” என்றேன். “பழைய வலி போயிடுச்சு. புதுசு ஒண்ணு வந்திருக்கு. இதுக்குக் கொஞ்சம் மரியாதை தெரியுது, ராத்திரியில வர்றதில்லை” என்றார். அந்த ஒரு பதிலில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் அடுக்கினார். முகம் வீங்கி அடையாளம் தெரியாமல் கிடப்பாய், பிள்ளைகளை முதல் நாள் கூட்டிவரச் சொல்லாதே. மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி உன்னைப் புரட்டுவார்கள், நீயாகத் திரும்பப் பார்க்காதே. வலி மருந்தால் மலம் இறுகும், தையல் வலியைவிட அது மோசம், முதல் நாளே மருந்து கேள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி வாங்கு. வீட்டில் வெஸ்டர்ன் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாடியே மாட்டிவிடு, வந்து பார்த்துக்கலாம் என்று இருக்காதே. கீழே கிடப்பதை எடுக்க நீளமான கிடுக்கி ஒன்று. கட்டில் உன் முட்டி உயரத்துக்காவது இருக்கட்டும்.

ஊர் சனம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போய் ஓய்ந்த பிறகு ஒரு காலம் வரும், அதுதான் கஷ்டம் என்றார். எல்லாரும் நீ தேறிவிட்டாய் என்று நினைப்பார்கள், உனக்கோ ஒரு சொம்பு தூக்க அனுமதி இருக்காது. அப்போது “எதுக்கு செஞ்சுகிட்டோம்” என்று அழுகை வரும், வந்தால் எனக்குப் போன் போடு, காரணம் சொல்ல வேண்டாம். வந்தது. போட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “ம்ம், இந்த வாரம்தான் வரும்” என்றார்.

இன்னொன்றும் பேசினோம். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். சேலை முந்தானை இடது தோளில் போகிறது. விலா துருத்துவது பெரும்பாலும் வலது பக்கம். ஆகவே ஆயுள் முழுக்க முந்தானையைச் சுற்றி இழுத்து வலது முதுகை மூடிக்கொண்டே இருப்போம். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ என்றால் சுவரோரம் போய் நிற்போம். பந்தியில் பின்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருவோம். நான் இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. டீச்சர் தானாக, “நீயும் முந்தானைய இழுத்துக்குவியா?” என்று கேட்டார். இருபத்தைந்து வருஷத்துச் சங்கதியை ஒரு சாயங்காலத்தில் கொட்டித் தீர்த்தோம். வலிக்காக மட்டும்தான் செய்துகொள்கிறேன் என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அழகாக நிமிர்ந்து நிற்க ஆசைப்படுவதும் ஒரு காரணம்தான், அதை ஒளிக்க வேண்டியதில்லை என்று அவரிடம் பேசியபோதுதான் தோன்றியது. ஆனால் அந்த ஆசையை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு நிமிரும், விலாத் துருத்தல் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அவர் முன்பே சொல்லட்டும். பெரியவர்களின் முதுகு பதின்வயதினர் அளவுக்கு இளகிக்கொடுக்காது. முழு நேர்கோடு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

யாரிடம் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். பதினாறு வயதில் செய்துகொண்டு மறுவருஷம் பரதம் ஆடிய பெண்ணின் கதை உங்களுக்கு உதவாது. வயது ஒத்துப்போக வேண்டும். அதைவிட முக்கியம், கம்பி கீழே எங்கே முடிகிறது என்பது. எல் 4 (இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு) வரை என்றால் இடுப்பில் கொஞ்சம் அசைவு மிச்சம் இருக்கும். இடுப்பெலும்பு வரை போனால் குனிவது முழுக்கத் தொடை மூட்டிலும் முழங்காலிலும்தான். வாசலில் கோலம், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, இந்தியன் டாய்லெட், கோயிலில் விழுந்து கும்பிடுவது என்று நம் வாழ்க்கையில் பாதி தரையோடுதான். டாக்டரிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் குறித்து வாங்குங்கள், அதே இடம்வரை கம்பி போட்டவரைத் தேடுங்கள். சிக்கல் வந்த ஒருவரிடமும் கட்டாயம் பேசுங்கள். அவர் என்ன செய்து மீண்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் “உன் இஷ்டம்” என்பதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் பயம், அதைச் சொல்ல ஆள் இல்லை. டீச்சரின் கணவர் என் வீட்டுக்காரரிடம் ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து யார் வருவார்கள், ராத்திரி அட்டெண்டராக யார் இருப்பார்கள் என்பதில் தொடங்கி, “மருந்து மயக்கத்தில் திட்டுவாங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்பதுவரை சொன்னார். ஆண்கள் இதையெல்லாம் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

காலம் பற்றி. மேட்டூர் ஜூன் 12 திறந்துவிட்டால் உங்கள் சங்கத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, சரி. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேண்டாம். தேறுவதற்கு முக்கிய வைத்தியமே நடைதான், வழுக்கும் வாசலில் நடக்க முடியாது. பொங்கல் கழித்து, தையோ மாசியோ நல்லது. மன்னார்குடி ஹரித்ராநதிக் குளக்கரையில் மெல்ல மெல்லச் சுற்றைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதுவரை எலும்பு, ரத்தம், பயிற்சி எல்லாவற்றையும் தேற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்யவும் நேரம் இருக்கிறது. பணத்துக்கு, முதலமைச்சர் காப்பீடோ உங்கள் அலுவலகக் காப்பீடோ, ஸ்க்ரூவும் கம்பியும் சேர்த்துக் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் எழுத்தில் வாங்குங்கள். ஊர் திரும்ப மன்னை எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் போட்டுவிடுங்கள். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையில் குதித்தால் போட்ட ஸ்க்ரூ அத்தனையையும் ஒவ்வொன்றாக எண்ணுவீர்கள்.

டீச்சரிடம் உங்களைப் பற்றிப் பேசினேன், பேசச் சம்மதித்தார். அவர் நம்பரைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கூப்பிடுங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் நீங்கள் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்பது உங்களுக்கே மறந்துவிடும்.