வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: ஏனுங்க, ஒரே படத்துல அஞ்சாறு நல்ல நடிகர்கள் இருந்தும் படம் சப்புனு போகுதே, எதனாலங்க?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: பெரும்பாலும் கால்ஷீட், அதாவது நடிகர்கள் படப்பிடிப்புக்குத் தரும் தேதிகள்தானுங்க காரணம். உதாரணத்துக்கு, கோபிச்செட்டிபாளையத்தில் பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தாயிற்று. இரண்டு நடிகர்களின் தேதி ஒத்துவரவில்லை. ஒருவரை முதலில் எடுத்து, மற்றவர் இடத்தில் டூப்பை முதுகு காட்ட வைப்பார்கள். அடுத்தவரின் குளோசப் பின்னால் வரும். பார்வைக் கோடு பிசகும், ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதுபோல் இருக்காது. எதிராளியின் குரலுக்கு முகம் மாறும் அந்த நொடி கிடைக்கவே கிடைக்காது. நடிப்பின் உயிர் அங்கேதான். இருவர் முகமும் ஒரே ஃபிரேமில் தெரிகிறதா என்று கவனியுங்கள், பிடிபட்டுவிடும்.

எடிட்டிங்கிலும் இழப்பு உண்டு. மூன்று மணி நேரத்தை இரண்டரையாகக் குறைக்கையில் முதலில் போவது துணைப் பாத்திரங்களின் காட்சிகள். நாயகனின் சண்டையில் யாரும் கை வைப்பதில்லை, இது பெரிய அநியாயம்.

கேள்வி: இதைத் தவிர்க்க வழி?
- வாசகர், ஈரோடு

பதில்: எழுதும்போதே ஒரு பாத்திரத்தை நீக்கிப் பாருங்கள். கதை அசையாவிட்டால், அந்த நடிகரை அழைக்காதீர்கள், அல்லது கதையைத் திருப்பும் ஒரு முடிவை அவர் கையில் கொடுங்கள். காம்பினேஷன் காட்சிகளை, அதாவது பல நடிகர்கள் சேர்ந்து வரும் காட்சிகளை, முதல் ஷெட்யூலிலேயே (முதல் கட்டப் படப்பிடிப்பிலேயே) எடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் தேதியும் பணமும் தீர்ந்திருக்கும்.