தேசிய டிஜிட்டல் சேவைத் திட்டம்: போர்ட்டல் முதலிலா, அடையாள எண் முதலிலா?

கேள்வி: அரசின் திட்டமிடல் துறையில் இருக்கிறேன். டிஜிட்டல் அரசு சேவைகளுக்கான ஐந்தாண்டு தேசியத் திட்டத்தின் வரைவை ஆறு மாதத்தில் தரச் சொல்லியிருக்கிறார்கள். குழுவில் ஒருவர் எல்லாச் சேவைக்கும் ஒரே போர்ட்டல் வேண்டும் என்கிறார். இன்னொருவர், டிஜிட்டல் அடையாளம் இல்லாமல் எதையும் தொடாதீர்கள் என்கிறார். செயற்கை நுண்ணறிவு இல்லாத திட்டத்தை அமைச்சரிடம் கொண்டுபோகவே முடியாது என்கிறார் மூன்றாமவர். எதில் தொடங்குவது?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதல் ஆறு வாரத்தை எண்ணிக்கை எடுப்பதில் செலவிடுங்கள். ஒவ்வொரு துறையிடமும் நான்கே விவரம் கேளுங்கள்: இந்தச் சேவைக்கு ஆண்டுக்கு எத்தனை விண்ணப்பம் வருகிறது, எத்தனை திருப்பி அனுப்பப்படுகிறது, முடிவு தெரிய எத்தனை நாள் ஆகிறது, ஒரே ஆள் எத்தனை முறை வந்துபோகிறார். முதல் விவரம் உடனே கிடைத்துவிடும். கடைசி இரண்டும் பல துறைகளிடம் இருக்காது. இல்லை என்றால் இல்லை என்றே வரைவில் எழுதுங்கள், அதையும் அமைச்சரவை பார்க்கட்டும்.

இந்தக் கணக்கு கையில் வந்ததும் ஒன்று தெரியும். நூற்றுக்கணக்கான சேவைகள் இருந்தாலும், கூட்டத்தின் பெரும்பகுதி வரி, ஓட்டுநர் உரிமம், பிறப்பு இறப்புப் பதிவு, ஓய்வூதியம், நலத்தொகை போன்ற சிலவற்றில்தான் இருக்கும். பிரிட்டனின் அரசு டிஜிட்டல் சேவை அமைப்பு 2013-ல் 25 சேவைகளைத் தேர்ந்தெடுத்து, 400 நாள் கெடு வைத்து வேலையைத் தொடங்கியது. கெடுவுக்குள் எல்லாம் முடியவில்லை. ஆனால் பெரும்பாலானவை மக்கள் பயன்பாட்டுக்கு வந்தன, அந்த வேலையில் பழகிய ஆட்களும் துறைகளுக்குள் உருவானார்கள். உங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக்கு எட்டோ பத்தோ போதும். பட்டியலில் இடம் கேட்டு எல்லாத் துறையும் வரும். அப்போது மறுக்கும் துணிச்சல் குழுத் தலைவருக்கு வேண்டும்.

தேர்ந்தெடுத்த சேவையை அப்படியே திரைக்கு மாற்றிவிடக் கூடாது. விண்ணப்பத்துடன் இணைக்கச் சொல்லும் ஒவ்வொரு சான்றையும் எடுத்து, இதை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பாதிக்கு மேல் அதே அரசின் வேறொரு துறை கொடுத்ததாக இருக்கும். ஒரு துறையிடம் வாங்கிய காகிதத்தை இன்னொரு துறையிடம் சேர்ப்பதுதான் மக்கள் செய்யும் வேலை. அதை ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னால் அலைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இங்கேதான் உங்கள் திட்டத்தின் கனமான பகுதி வருகிறது. எஸ்டோனியா 2001-லிருந்து எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற முறையை நடத்திவருகிறது. அதில் எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டி வைப்பதில்லை. ஒவ்வொரு துறையின் பதிவேடும் அந்தந்தத் துறையிடமே இருக்கும். தேவைப்படும் துறை கேட்கும், பதில் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகும், யார் எப்போது கேட்டார் என்பது பதிவாகும். ஒரே தகவலைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் தொடங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. எக்ஸ்-ரோடின் மென்பொருள் திறந்த மூலம். பின்லாந்தும் எடுத்துக்கொண்டு, இப்போது எஸ்டோனியா, பின்லாந்து, ஐஸ்லாந்து மூன்றும் சேர்ந்து பராமரிக்கின்றன. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், காசு கேட்க மாட்டார்கள்.

மென்பொருள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஒருவரின் முகவரி வரித்துறையில் ஒன்றாகவும், வாக்காளர் பட்டியலில் வேறாகவும், ஓய்வூதியக் கோப்பில் மூன்றாவதாகவும் இருக்கிறது. எது சரி? எந்தத் துறையின் பதிவேட்டை மற்ற எல்லாரும் ஏற்க வேண்டும்? பிழை இருந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் திருத்துவார்கள்? பெயர், பிறந்த தேதி, முகவரி, குடும்ப விவரம், நில உடைமை, நிறுவனப் பதிவு என்று பத்துப் பன்னிரண்டு தகவல்களுக்கு இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய ஓர் அட்டவணை உங்கள் வரைவில் இருக்க வேண்டும். தொழில்நுட்பக் குழுவால் இதை முடிவு செய்ய முடியாது. எந்தத் துறையும் தன் பதிவேட்டை இரண்டாம் இடத்துக்கு இறக்கச் சம்மதிக்காது. அமைச்சரவை மட்டத்தில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். உங்கள் ஆறு மாதத்தில் மூன்று மாதம் இதற்கே போனாலும் வீணில்லை. பல நாட்டுத் திட்ட ஆவணங்கள் அழகான அட்டையோடு வெளிவந்து அப்படியே நின்றுபோவதற்கு, இந்த ஒரு பக்கத்தை எழுதாமல் நழுவியதுதான் காரணம் என்பது என் கருத்து.

அடையாளத்துக்கு வருவோம். அது தேவைதான். ஆனால் சேவை தரும் துறைகள் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளாமல் அதைத் தனியாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, இணையத்தில் ஆளை உறுதிசெய்ய பிரிட்டன் கட்டிய வெரிஃபை முறை உதாரணம். 2020-க்குள் 2.5 கோடிப் பேர் என்று இலக்கு வைத்தார்கள். வரித்துறை தன் பழைய உள்நுழைவு முறையை விடவில்லை, மற்ற துறைகளும் போதுமான அளவு வந்து சேரவில்லை. 2023-ல் மூடிவிட்டார்கள். டென்மார்க் 2010-ல் கொண்டுவந்த நெம்ஐடி வேறு மாதிரி. அரசும் வங்கிகளும் சேர்ந்து செய்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. வங்கிக் கணக்கைப் பார்க்கவும் அதே முறை என்றால் கைக்குப் பழகிவிடும்.

சட்டத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இந்தியாவைக் காட்டுங்கள். ஆதார் எண் 2010-லேயே வழங்கத் தொடங்கினார்கள், அதற்கான சட்டம் 2016-ல் வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றாலும், தனியார் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வழிசெய்த பகுதியை ரத்து செய்தது. அதை நம்பித் தொழில் நடத்தியவர்கள் எல்லாம் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, மறுக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது என்பதை முதல் ஆண்டிலேயே சட்டமாக்குங்கள்.

அப்புறம் பணம். அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் இருந்தன, எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடம் என்பது மட்டும் தெளிவாக இல்லை. சில வாரங்களில் ஒரு சிறிய குழு உள்ளே வந்து சரிசெய்தது. ஆகவே திட்டத்தில் இவற்றைக் கறாராக எழுதுங்கள்: மூலநிரல் அரசுக்கே சொந்தம், ஒப்பந்தக்காரர் மாறினால் தரவு முழுதாகக் கைக்கு வர வேண்டும், பல ஆண்டுப் பெரிய டெண்டருக்குத் தனி அனுமதி வேண்டும், ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பான ஓர் அரசு அதிகாரி இருக்க வேண்டும். நிதித்துறை புதிதாக வாங்கப் பணம் தரும், பராமரிக்கத் தரத் தயங்கும். ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்த்துக் காட்டாத எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள். பிரிட்டனின் அரசு டிஜிட்டல் சேவை அமைப்புக்குக் கிடைத்த வெற்றியில் வடிவமைப்பைவிட, வீண் கணினிச் செலவைத் தடுக்கும் அதிகாரத்துக்குப் பங்கு அதிகம். உங்கள் நாட்டில் அமையும் குழுவுக்கும் அந்த அதிகாரம் இல்லையென்றால், அது அறிவுரை சொல்லும் குழுவாகவே இருந்துவிடும்.

இணையம் தெரியாதவர்களுக்காக என்ன செய்வது என்று கேட்பார்கள். டென்மார்க் 2014-ல் அரசுக் கடிதங்களை டிஜிட்டலாகவே அனுப்பும் முறையைக் கட்டாயமாக்கியது, ஆனால் இயலாதவர்கள் விலக்குப் பெற வழி வைத்தது. கவுண்டரும் தொலைபேசியும் இருக்கட்டும், அங்கே இருப்பவரும் அதே கணினி முறையில்தான் பதிய வேண்டும். இன்னொரு விஷயம் எல்லாரும் மறப்பது: வேறொருவர் சார்பாகச் சேவை பெறும் உரிமை. அம்மாவின் ஓய்வூதியத்தை மகள் பார்த்துக்கொள்ள முறையான வழி இல்லாவிட்டால், அம்மாவின் ஓடிபி மகளிடம் போகும். மகள் இல்லாதவரின் ஓடிபி தரகரிடம் போகும்.

பாதுகாப்பைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம், இரண்டு சம்பவங்களைச் சொன்னால் போதும். தென் கொரியாவில் 2025 செப்டம்பரில் டேஜான் நகரின் அரசு தரவு மையத்தில் தீப்பிடித்து 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்புக்குப் பேக்கப்பே இல்லை. இத்தனைக்கும் உலகத் தரவரிசைகளில் முன்னணியில் இருக்கும் நாடு அது. எஸ்டோனியாவில் 2017-ல் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சிப்பில் குறை இருப்பது தெரிந்தது. அட்டைகளைத் தொலைவிலிருந்தே புதுப்பிக்க முடிந்ததாலும், கைபேசி வழி அடையாளம் இன்னொன்று இருந்ததாலும் சமாளித்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது முக்கியச் சேவைகளை நிறுத்தி, வேறிடத்திலிருந்து மீட்டுக் காட்டும் ஒத்திகையைக் கட்டாயமாக்குங்கள்.

போர்ட்டல்? தகவல் மட்டும் தரும் ஒரே தளம் என்றால் சீக்கிரமே செய்யலாம். பிரிட்டன் 2012-ல் பழைய தளங்களை மூடிவிட்டு அதைத்தான் செய்தது. விண்ணப்பங்களையும் அதில் கோப்பது, சேவைகள் தயாரான வரிசையில் நடக்கட்டும். வெற்றியை ‘இத்தனை சேவை ஆன்லைனில்’ என்று அளக்காதீர்கள். தொடங்கியவர்களில் எத்தனை பேர் உதவியின்றி முடித்தார்கள், முடிவு வர எத்தனை நாள், எத்தனை சான்று கேட்பது நின்றது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள்.

கடைசியாக, அமைச்சருக்கான செயற்கை நுண்ணறிவு. வரும் மனுக்களைத் துறைவாரியாகப் பிரிப்பது, விதிமுறைகளில் தேடிக் கொடுப்பது, மொழிபெயர்ப்புக்கு முதல் வரைவு தருவது என்று மூன்று சோதனைகளை இரண்டாம் ஆண்டில் போடுங்கள். உதவித்தொகையை மறுப்பது போன்ற முடிவை ஓர் அதிகாரி காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்ற விதியையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.