பழைய கார் மீட்டர் கோளாறு: கேள்வி பதில்

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு வச்சிருக்கிறவங்க கேட்ட கேள்விகள், கேட்டவங்க ஊர் பேரோட. எதைத் தொடுறதுக்கு முன்னாலயும் பேட்டரியில வண்டி பாடிக்குப் போற எர்த் டெர்மினலைக் கழட்டிடுங்க.

முதலியார்பேட்டை: அண்ணே, அம்பாசடர்ல பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் ரெண்டும் சேர்ந்து மேல ஏறி நிக்குது. டேங்க்ல பாதிதான் இருக்கு, எஞ்சினும் சூடாகல. ரெண்டு மீட்டரும் போச்சுன்னு மெக்கானிக் சொல்றார்.

ரெண்டு மீட்டர் ஒரே நாள்ல கெட்டுப்போகாது தம்பி. ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கிற தீப்பெட்டி அளவு தகர டப்பி. உள்ள ஒரு பைமெட்டல் பட்டை (ரெண்டு உலோகம் ஒட்டினது), அதைச் சுத்தி ஹீட்டர் கம்பி. பட்டை சூடாகி வளைஞ்சா தொடர்பு விடும், ஆறினா சேரும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியா 10 வோல்ட் மீட்டருக்குப் போகும். அந்த ஹீட்டருக்கு எர்த் டப்பியோட உடம்பு வழியாத்தான். துரு பிடிச்சு எர்த் விட்டா பட்டை சூடாகாது, தொடர்பு பிரியாது. சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட் முழுசா மீட்டருக்குப் போகும், ரெண்டு முள்ளும் ஏறும்.

டப்பியைப் பிடிச்சிருக்கிற திருகைக் கழட்டி, அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சு இறுக்குங்க. பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவி போட்டு, அவுட்புட் முனையில டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாருங்க. விட்டு விட்டு எரியணும். விடாம எரிஞ்சா ஸ்டெபிலைசர்தான் போயிருக்கு. டிஜிட்டல் மல்டிமீட்டர்ல எண் தாவிக்கிட்டே இருக்கும், அதை நம்பி முடிவெடுக்காதீங்க.

இது பைமெட்டல் மீட்டருக்குத்தான். சாவி போட்டதும் முள் மெதுவா ஏறினா அந்த வகை. டக்குனு தாவினா பழைய வகை, அதுக்கு ஸ்டெபிலைசரே கிடையாது.

கடலூர் முதுநகர்: பெட்ரோல் முள் மட்டும் எப்பவும் காலியில நிக்குது.

ஒரு முள் மட்டும்னா டேங்க் யூனிட் (டேங்குக்குள்ள மிதவையோட இருந்து அளவு சொல்றது), ஒயர், இல்ல அந்த மீட்டர். ஸ்மித்ஸ் கம்பெனியோட பைமெட்டல் வகையில, டேங்க் யூனிட்டோட ரெசிஸ்டன்ஸ் டேங்க் நிறைஞ்சா சுமார் 20 ஓம், பாதியில 68, காலியில 240. எர்த் விட்டாலோ ஒயர் அறுந்தாலோ ஓம் ஏறும், முள் காலியைக் காட்டும். உங்க பக்கம் உப்புக்காத்து, டேங்க் யூனிட்டோட எர்த்தை முதல்ல பாருங்க.

அடுத்து மீட்டர். டேங்க் ஒயரை டேஷ்போர்டு பக்கம் கழட்டி, மீட்டரோட அந்த முனையிலிருந்து எர்த்துக்கு 68 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டு, பேட்டரியை மாட்டிச் சாவி போடுங்க. அரை நிமிஷத்துல முள் நடுவுக்கு வந்தா மீட்டர் நல்லா இருக்கு. நேரா எர்த் பண்ணிப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, உள்ள கம்பி கருகும். இந்தச் சோதனையை டேங்க் பக்கத்துல செய்யவே கூடாது. பொறி பறக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்: பத்மினிக்கு ஏசி கேஸ் எவ்வளவு?

ஏசி ஆள்கிட்ட கேளுங்க.

வில்லியனூர்: சார், ரெண்டு முள்ளும் மேல நிக்குது, மீட்டர் எங்க கிடைக்கும்?

முதல் பதிலைப் படிங்க. மீட்டர் வாங்காதீங்க.

அரியாங்குப்பம்: ஸ்பீடோமீட்டர் முள் ஆடுது.

கேபிள். உள்கம்பியை உருவி மேஜையில உருட்டுங்க, துள்ளினா வளைஞ்சிருக்கு, மாத்துங்க. நேரா இருந்தா கழுவி, கீழ் முக்கால் பாகத்துக்கு மட்டும் லேசா கிரீஸ். மேல் முனைக்கும் தடவினா, சுத்துற சுத்துல கிரீஸ் ஏறி மீட்டருக்குள்ள போகும்.

நெல்லித்தோப்பு: ஸ்டெபிலைசருக்குப் பதிலா, நிலையா 10 வோல்ட் கொடுக்கிற 7810 ஐசி போடச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு 12 வோல்டுக்கு மேல வேணுமே? ஹெட்லைட் போட்டு ஐடில்ல நின்னா வோல்ட் இறங்குமே, முள்ளும் இறங்காதா?

நியாயமான கேள்வி. ஆனா அந்த 2 வோல்ட் இழப்பு 1 ஆம்பியர் இழுக்கும்போது. ரெண்டு மீட்டரும் சேர்ந்து கால் ஆம்பியர்கூட இழுக்காது, அதனால இழப்பு குறையும்.

நெல்லித்தோப்பு: குறையும், இல்லாம போகாது. 11.5 வோல்ட்ல 10 வருமா?

சரியா வராது, அது உண்மைதான். டைனமோ வண்டிக்கு அதே வேலை செய்யிற எல்எம்2940-10 ஐசி போடுங்க, 10-க்கு மேல அரை வோல்ட் இருந்தாலே அதுக்குப் போதும். அவுட்புட்ல 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம், இல்லேன்னா வோல்ட் நிலையா நிக்காது. ஆல்டர்னேட்டர் வண்டிக்கு 7810 தாராளம். ரெண்டு ஐசியும் பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு (பேட்டரியோட பிளஸ் பாடியில சேர்ந்தது) ஆகாது.

மஞ்சக்குப்பம்: பேட்டரி கழட்டாம மீட்டரை எடுக்கலாமா? சாவி ஆஃப்தான்.

கூடாது. கூடவே கூடாது. ஆம்பியர் மீட்டருக்கு வர்ற தடி ஒயர்ல ஃபியூஸ் இல்ல, சாவி ஆஃப்லயும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் பாடியில பட்டா ஒயரிங் மொத்தமும் எரியும்.

பாகூர்: சென்னை புதுப்பேட்டைல பழைய பெட்ரோல் மீட்டர் எடுக்கப் போறேன். எப்படிப் பார்க்கிறது?

9 வோல்ட் சதுர பேட்டரி, 68 ஓம் ரெசிஸ்டர், ரெண்டு துண்டு ஒயர் கொண்டு போங்க. பேட்டரி, மீட்டர், ரெசிஸ்டர் மூணையும் தொடரா இணைங்க. முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழ வந்து நிக்கணும். அசையலன்னா அங்கேயே வச்சிடுங்க.