சியாங் மாய் போகலாமா?

அன்புள்ள அக்கா,

எட்டு வருஷமாக வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் கன்டென்ட் எழுதிக் கொடுக்கிறேன். ஏஐ வந்த பிறகு ரேட் பாதியாகிவிட்டது. மென்பொருள்களுக்கு வழிகாட்டிக் குறிப்புகள் எழுதும் டெக்னிக்கல் ரைட்டிங் பக்கம் மாற நினைக்கிறேன். பிப்ரவரியில் தாய்லாந்தின் சியாங் மாய் போய் ஆறு மாதம் தங்கி, பழைய வேலையைச் செய்துகொண்டே புதியதைக் கற்கலாம் என்று திட்டம். வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

ச., மதுரை

அன்புள்ள ச.,

கட்டாயம் போங்கள். ஆனால் புதிய வேலையில் முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகு போங்கள்.

வெளிநாட்டில் வாடகை, இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாம் பழைய வேலையின் தலையில்தான் விழும். பாதி ரேட்டில் இரண்டு மடங்கு எழுத வேண்டிவரும். அப்போது முதலில் பறிபோவது படிக்க ஒதுக்கிய நேரம்தான். அமெரிக்க கம்பெனிக்கு எழுதினால் நேரமும் இடிக்கும்: நியூயார்க்கில் காலை 10 மணிக்கு நடக்கும் மீட்டிங், கோடையில் மதுரையில் இரவு ஏழரை, சியாங் மாயில் ஒன்பது. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளும்.

விசாவையும் பாருங்கள். வெளிநாட்டு வேலையை அங்கிருந்தே செய்பவர்களுக்கான விசாவுக்கு எஸ்டோனியா மாதம் 4,500 யூரோ வருமானம் கேட்கிறது, இந்தோனேசியா வருஷத்துக்கு 60,000 டாலர். தொழில் மாறும்போது வருமானம் இறங்கும், அந்தக் கதவுகள் திறக்காது. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற விசாவுக்கு 5 லட்சம் பாட் சேமிப்பு காட்டினால் போதும், கூடவே ஃப்ரீலான்ஸ் வேலைக்கான சான்றுகள் வேண்டும். ஐந்து வருஷம் செல்லும், ஒருமுறை போனால் 180 நாள் தங்கலாம். அதனால் உங்கள் தேர்வு சரிதான். ஆனால் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் கிளம்பாதீர்கள்.

பிப்ரவரி கண்டிப்பாக வேண்டாம். அப்போது தொடங்கி ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகையில் சியாங் மாய் மூச்சுத் திணறும். நவம்பரில் போய், புகை வரும்போது தெற்கே இறங்கிவிடுங்கள். ஒரே காலண்டர் வருஷத்தில் 180 நாள் தங்கினால் அங்கே வரிக் கணக்கிலும் வந்துவிடுவீர்கள். நவம்பரில் போனால் நாட்கள் இரண்டு வருஷங்களுக்குப் பிரிந்துவிடும்.

அதுவரை மதுரையிலேயே மார்க்டவுன் (எளிய குறியீடுகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை), கிட் (Git, கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இரண்டையும் பழகுங்கள். யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஏதாவது ஒன்றை எடுத்து, அதை நிறுவும் வழிமுறைகளை நீங்களே செய்து பாருங்கள். புதிதாக வருபவர் எங்கே தடுமாறுவாரோ அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்புங்கள். அந்த மென்பொருளை நடத்துபவர்கள் ஏற்றுக்கொண்ட நாலு பக்கங்களைக் காட்டி வேலை கேட்டால் மதிப்பு தனி. எட்டு வருஷம் எழுதிய கை உங்களுடையது, சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் வீட்டிலும் பேசுவது சுலபம். அந்தப் பக்கங்களை எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்க்க ஆசை.