மழைக்காலத்தில் குடமுருட்டிக் கரை வேண்டாம்

திருவையாறு பக்கம் அதிகாலையில் ஓடும்போது குடமுருட்டி ஆற்றுக் கரையில் வழுக்கி விழுந்து, போனும் நனைந்து, வீட்டுக்குச் சொல்ல வழியில்லாமல் நொண்டிக்கொண்டே வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் விழுந்தவன்தான்.

நம்ம ஊர்க் களிமண் லேசான தூறலுக்கே ஷூவில் அப்பம் மாதிரி அப்பிக்கொள்ளும். அடியில் இருக்கும் பிடிப்பெல்லாம் அடைபட்டுப் போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் ஒன்றுதான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கரையை விட்டுவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள். வலது ஓரமாக ஓடினால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்.

போனுக்கு நான் செய்வது: கழுவிக் காயவைத்த பால் கவருக்குள் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்ட். பார்க்கக் கேவலமாக இருக்கும், நனையாது. வீட்டு போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அதிலேயே வையுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

இடி கேட்டால் ஓட்டம் அன்றைக்கு முடிந்தது. நடவு வயல் நடுவே நீங்கள்தான் உயரம். தென்னைக்கு அடியிலும் ஒதுங்காதீர்கள், பக்கத்து வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடமாவது வெளியே வராதீர்கள்.

இருட்டில் டார்ச் கட்டாயம், வரப்போரம் விரியன் கிடக்கும். கடித்தால் கட்டு, கீறல் எதுவும் கூடாது. காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை.

அப்புறம், கணுக்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.