ஒரு கூடைகூடப் போடாத ஆட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் டிகெம்பே முட்டோம்போவின் பெயரைச் சொல்லி, கூடைப்பந்தில் உங்களுக்கு மிகப் பிடித்தவர் அவர்தான் என்று எழுதியிருந்தீர்கள். நானும் கல்லூரி வரை ஆடியவள். கார்டு, அதாவது வெளியே நின்று பந்தை நகர்த்திக் கொண்டுபோகும் இடம். எங்கள் விடுதி அறையில் எல்லாச் சுவரிலும் ஜோர்டான்தான் இருந்தார். முட்டோம்போவைத் தேடிப் படித்தேன். பதினெட்டு பருவம் ஆடியிருக்கிறார். ஆட்டத்துக்குச் சராசரி 9.8 புள்ளி. சாம்பியன் பட்டம் ஒன்றுகூட இல்லை. கண்ணில் பட்ட செய்திகளில் பாதிக்கு மேல் அவர் கட்டிய ஆஸ்பத்திரியைப் பற்றித்தான். நல்ல மனிதர் என்பதற்காக அவரைப் பெரிய ஆட்டக்காரர் ஆக்கிவிட்டோமோ என்று தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி அணியில் அவள்தான் உயரம். கோச் அவளை ரிங்குக்குக் கீழே நிறுத்திவிட்டார். போன மாதம் ஒரு போட்டியில் ஜெயித்தார்கள். வண்டியில் ஏறியதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் ஒரு கூடைகூடப் போடலம்மா" என்றாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் கேள்வியில் தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. மகள் அழுததைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

1994 மே 7, சியாட்டில். அன்று எடுத்த ஒரு படம் இருக்கிறது. ஆட்டம் முடிந்துவிட்டது. ஏழு அடி இரண்டு அங்குல முட்டோம்போ ரிங்குக்குக் கீழே தரையில் மல்லாந்து கிடக்கிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிப் பந்தை இறுகப் பிடித்திருக்கிறார். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். கூடைப்பந்தில் நான் அதிகம் பார்த்த படம் இதுதான். அதில் யாரும் பந்தை எறியவில்லை என்பதை இன்று உங்களுக்காக எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஒருவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவே.

அந்தப் பருவத்தில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் 63 ஆட்டங்களில் ஜெயித்து முதலிடத்தில் இருந்த அணி. முட்டோம்போ ஆடிய டென்வர் நகெட்ஸ் 42 வெற்றி, 40 தோல்வியோடு எட்டாவது இடத்தில் ஒட்டிக்கொண்டு பட்டத்துக்கான சுற்றுக்குள் வந்தது. ஐந்து ஆட்டத் தொடர். முதல் இரண்டிலும் டென்வர் தோற்றது. எல்லாரும் மூட்டை கட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த இரண்டை ஜெயித்தார்கள். ஐந்தாவது ஆட்டம் எதிரியின் ஊரில், கூடுதல் நேரம் வரை போய், 98-94. எட்டாவது இடத்து அணி முதலிடத்து அணியைத் தொடரில் வீழ்த்தியது, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் வரலாற்றில் அதுதான் முதல் முறை. அந்த ஐந்து ஆட்டங்களில் முட்டோம்போ தடுத்த ஷாட்டுகள் 31. ஐந்து ஆட்டத் தொடரில் வேறு யாரும் அத்தனை தடுத்ததில்லை. அந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

நீங்கள் கார்டாக ஆடியவர். உயரமான ஒருத்தி உள்ளே நிற்கும்போது லே-அப்புக்கு, ரிங் அருகே ஓடிப்போய்ப் பந்தைப் போட, போன நினைவு உங்கள் காலுக்கே இருக்கும். பாதி வழியில் வேகம் தானாகக் குறையும். பந்தை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கி எறிவோம், அல்லது வெளியே பாஸ் கொடுத்துவிடுவோம். அந்தப் பாஸ் எந்தக் கணக்கிலும் உள்ளே நின்றவள் பெயரில் எழுதப்படுவதில்லை. அவள் அந்த இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அது மட்டும்தான் நடந்தது. ஆனால் இரண்டு புள்ளி போகவில்லை.

ப்ளாக், அதாவது எறிந்த பந்தைத் தடுப்பது, என்றதும் உயரம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. விதியைப் பார்த்தால் எவ்வளவு குறுகலான சந்து அது என்று தெரியும். பந்து மேலேறும்போதுதான் தொடலாம். கூடையை நோக்கி இறங்கத் தொடங்கியபின் தொட்டால் கோல்டெண்டிங், எதிரணிக்குப் புள்ளி. பந்துக்குப் பதில் எறிபவரின் மணிக்கட்டைத் தட்டினால் பவுல். இதற்கெல்லாம் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ரிங்குக்குக் கீழே நிற்கும் சென்டருக்குக் காக்க வேண்டிய ஆள் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார். உள்ளே பாய்ந்து வருகிறவரைத் தடுக்கப் போனால் அந்த ஆளை விட்டுவிட்டுப் போகிறோம். தப்பாகக் குதித்தால் ரிங்குக்குக் கீழே அவர் தனியாக நிற்பார், ஒரு சின்ன பாஸில் எல்லாம் முடிந்தது. போலியாகத் தோளை அசைத்துக் குதிக்க வைப்பதற்கென்றே ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே ப்ளாக் செய்பவரின் திறமையில் பெரும்பகுதி குதிக்காமல் இருப்பதில் இருக்கிறது. முட்டோம்போவின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், கைகள் தோளுக்கு மேல் தயாராக இருக்கும், பாதம் தரையை விடாது. பந்து எறிபவரின் கையை விட்டுக் கிளம்பும்போதுதான் அவர் உடம்பு கிளம்பும்.

அதற்குப் பிறகு அந்த விரல். வலதுகை ஆட்காட்டி விரலை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டுவார். அடுக்களையில் சூடான பாத்திரத்தை நோக்கி வரும் குழந்தையிடம் நம் வீட்டுப் பெண்கள் ஒன்றும் பேசாமல் காட்டுவார்களே, அதே விரல். எதிராளியின் முகத்துக்கு நேராக ஆட்டுவது கேலி என்று லீக் அதற்கு டெக்னிக்கல் பவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை, கொடுக்க ஆரம்பித்தது. அவர் திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்து ஆட்டினார்.

கணக்குக்கு வருகிறேன். 9.8 சரியான எண்தான். ஆனால் முதல் பருவமான 1991-92இல் அவர் ஆட்டத்துக்கு 16.6 புள்ளி போட்டார், அந்த ஆண்டே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். போடத் தெரியாதவர் அல்ல. போட வேறு ஆள் இருந்த அணிகளில் தன் வேலை எது என்று தெரிந்து ஆடினார். 42 வயது வரை, கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக ஆடியதும் சராசரியை இறக்கியது. ஆயுள் கணக்கில் 3,289 ப்ளாக். ஹகீம் ஒலாஜுவானின் 3,830க்கு அடுத்தபடி, என்.பி.ஏ.யில் இரண்டாவது இடம்.

இந்தக் கணக்கே புதிது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ப்ளாக்கை என்.பி.ஏ. எழுதி வைக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் பதின்மூன்று பருவங்களில் பதினொரு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்து 1969இல் ஓய்வு பெற்றார். தடுப்பாட்டத்தை ஒரு கலையாக்கியவர் அவர். ப்ளாக் செய்த பந்தைக் கூட்டத்துக்குள் அறையாமல் தன் அணிக்காரர் கைக்குத் தட்டி விடுவார் என்பார்கள். அவர் பெயருக்கு நேரே அதிகாரபூர்வமாக ஒரு ப்ளாக்கூட இல்லை, எழுத ஆள் இல்லாததால்.

ரஸ்ஸலுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரராக இரண்டு பருவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஜான் தாம்ஸன். அவர்தான் பின்னாளில் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கோச் ஆனார். காங்கோவின் கின்ஷாசாவிலிருந்து 1987இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாணவர் வந்தார். வயது 21. அமெரிக்க அரசின் உதவித்தொகை. வந்தது டாக்டராகி ஊருக்குத் திரும்ப. ஆங்கிலம் சரியாக வராது, முதலாண்டு பெரும்பாலும் அதைக் கற்பதிலேயே போனது. சிறுவயதில் ஆடியது கால்பந்து, கூடைப்பந்துக்கு வந்ததே தாமதமாகத்தான். இரண்டாம் ஆண்டில் தாம்ஸன் அவரை அணிக்குக் கூப்பிட்டார். 1989இல் செயின்ட் ஜான்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 ப்ளாக். ரஸ்ஸலைப் பெஞ்சிலிருந்து பார்த்த ஒருவர், அந்த வேலையின் அருமை தெரிந்த ஒருவர், அவருக்குக் கோச்சாகக் கிடைத்தார். இதை எழுதும்போது உங்கள் மகளின் கோச்சை நினைத்துக்கொள்கிறேன். அவளை அங்கே நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்று அவளிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாரா? பேசவில்லை என்றால் நீங்கள் போய்க் கேட்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் எந்தப் பிள்ளைக்கும் அது ஓரங்கட்டியது போலத்தான் இருக்கும்.

மருத்துவப் படிப்பு கைவிட்டுப்போனது. மொழியியலும் ராஜதந்திரமும் படித்துப் பட்டம் பெற்றார். பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்த்துகீசு, அதோடு சிலுபா, லிங்காலா முதலிய ஆப்பிரிக்க மொழிகள் என்று ஒன்பது மொழி பேசுவார்.

பட்டம் இல்லை என்றீர்கள். உண்மை, அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு முறை இறுதித் தொடருக்குப் போனார், இரண்டிலும் தோல்வி. 2001இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆலன் ஐவர்சனோடு. முதல் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள், அடுத்த நான்கும் போயின. லேக்கர்ஸின் ஷகீல் ஓ'நீல் அந்தத் தொடரில் ஆட்டத்துக்கு 33 புள்ளி போட்டார். எதிரில் நின்றவர் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்ற முட்டோம்போ. நிறுத்த முடியவில்லை. அன்றைய ஓ'நீலை யாராலும் நிறுத்த முடியவில்லை, ஆனாலும் தோல்வி தோல்விதான். 2003இல் நியூ ஜெர்சிக்காக ஆடி சான் அன்டோனியோவிடம்.

இனி ஆஸ்பத்திரி. நல்ல மனிதர் என்பதால் பெரிய ஆட்டக்காரர் ஆக்கிவிட்டோமா என்ற கேள்விக்குத் தேதிகளே பதில் சொல்லும். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அவர் நான்கு முறை வாங்கினார்: 1995, 1997, 1998, 2001. நான்கு முறை வாங்கியவர்கள் அவரும் பென் வாலஸும் ரூடி கோபேரும் மட்டுமே. கின்ஷாசாவில் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் திறந்தது 2007இல். விருது கொடுத்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

முட்டோம்போவின் அம்மா பியாம்பா மேரி. கின்ஷாசாவில் கலவரம், தெருக்கள் அடைபட்டிருந்தன. நோயில் விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் வீட்டிலேயே இறந்துபோனார். உலகத்தின் மறுபக்கத்தில் மகன் கோடிகள் சம்பாதித்துக்கொண்டிருந்த காலம். அவர் பெயரில் 300 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி, செலவு சுமார் 2.9 கோடி டாலர், அதில் பாதிக்கு மேல் முட்டோம்போவின் சொந்தப் பணம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தன் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு உடைக்கும் செலவுக்கும் பணம் கொடுத்ததும் அவர்தான். அதை உங்கள் மகளிடம் தனியாகச் சொல்லுங்கள்.

2007 ஜனவரி மாதத்தை நான் அடிக்கடி நினைப்பேன். 10ஆம் தேதி, ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்காக லேக்கர்ஸுக்கு எதிராக ஆடும்போது, கரீம் அப்துல்-ஜப்பாரின் 3,189 ப்ளாக்கைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தார். 23ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் புஷ் தன் ஆண்டு உரையில் ஆஸ்பத்திரியைச் சொல்லி அவரைப் பாராட்ட, மாடத்தில் எழுந்து நின்றார். நடுவில் பதின்மூன்று நாள். வயது நாற்பது. அந்த நாட்களிலும் பயிற்சிக்குப் போயிருப்பார், முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஆண்டு ஹூஸ்டன் தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்ததே, அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கதை. பன்னிரண்டு வெற்றி ஆனபோது சென்டர் யாவ் மிங்குக்குக் கால் எலும்பில் விரிசல், பருவமே முடிந்தது. அந்த இடத்துக்கு 41 வயது முட்டோம்போ இறங்கினார். மேலும் பத்து ஆட்டம் ஜெயித்தார்கள். புள்ளிக் கணக்கில் அவர் பெயர் எங்கோ கீழே இருக்கும். 2009 ஏப்ரலில் போர்ட்லாந்தில் முழங்காலில் தசைநாண் அறுந்து விழுந்தார். அதோடு முடிந்தது. 2022இல் மூளையில் கட்டி என்ற செய்தி வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று, 58 வயதில் போய்விட்டார். அன்று இரவு நான் சியாட்டில் ஆட்டத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தேன்.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். 'பரவாயில்லை, அணி ஜெயித்ததே' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஆறுதல், அவள் செய்த வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டு கொண்டுபோங்கள். அவள் தட்டிய பந்து எத்தனை, தட்டிய பந்தில் நம் அணி கைக்கு வந்தது எத்தனை என்று குறியுங்கள். பிறகு, உள்ளே வந்து அவளைப் பார்த்ததும் பந்தை வெளியே கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் எத்தனை பேர் என்றும். மூன்றாவதை நீங்கள்தான் சரியாக எண்ண முடியும், அப்படித் திரும்பி ஓடிய அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. வண்டியில் வரும்போது அந்த எண்ணை அவளிடம் சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.