மண்டபத்துக்குக் கட்டுகிற காசை விடுதிக்கே கொடுங்கள்

கேள்வி: வீடில்லாத இளம் பிள்ளைகள் குளிர்காலத்தில் தங்கும் விடுதிக்குக் காசு சேர்த்துக் கொடுக்க எங்கள் கோயில் இளையோர் விரும்புகிறோம். சொந்தமாக ஒரு நிதியம் தொடங்கி, மண்டபம் எடுத்து இராப்போசன விருந்தும் அதிர்ஷ்டச் சீட்டும் வைக்கலாமா அக்கா?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: நிதியம் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. ரொறன்ரோவில் 16 முதல் 24 வயது வரையான பிள்ளைகளுக்கென்றே விடுதிகள் இருக்கின்றன, கவனன்ற் ஹவுஸ் 1982இலிருந்து நடக்கிறது. கட்டிலும் இரவு முழுக்க விழித்திருக்கிற பணியாளரும் அவர்களிடம் உண்டு, உங்களிடம் இருப்பது ஆள்பலமும் தொலைபேசி இலக்கங்களும்தான், அதைக் கொடுங்கள்.

விருந்து என்றால் மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 100 டொலர் ரிக்கெற்றில் சாப்பாட்டின் பெறுமதி 60 என்றால் வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டு 40 டொலருக்குத்தான் கொடுக்கலாம், இதை வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு உங்களைத்தான் பிடிப்பார்கள். அதிர்ஷ்டச் சீட்டுக்கு ஒன்ராறியோவில் உரிமம் வேண்டும், கோயிலானாலும் சும்மா புத்தகம் அடித்து விற்க முடியாது.

அதைவிட நடக்கலாம். 'கோல்டெஸ்ற் நைற் ஒஃப் த இயர்' என்று 2011இலிருந்து ஒவ்வொரு பெப்ரவரியிலும் கனடாவின் பல ஊர்களில் 2 அல்லது 5 கிலோமீற்றர் நடக்கிறார்கள், குழுவாகச் சேரலாம், காசு அந்தந்த ஊர் அமைப்புக்குப் போகும். உங்கள் பகுதி நடை யாருக்காக என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கவனன்ற் ஹவுஸின் 'ஸ்லீப் அவுட்'டும் உண்டு, நவம்பரில் ஒரு இரவு வெளியே அட்டை விரித்துப் படுப்பது. நல்ல ஜக்கெற்றும் காலையில் போக வீடும் இருக்கிறவருக்கு ஒரு இரவில் வீடின்மை விளங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் "மாமா, நான் வெளியில படுக்கப் போறேன், 50 டொலர் தாங்கோ" என்று கேட்டால் மாமா தருவார், அது உண்மை.

கேட்கும்போது ஆளாளாகக் கேளுங்கள், தொகையைச் சொல்லிக் கேளுங்கள், வட்ஸ்அப் குழுவில் போட்டால் கைகூப்பும் படம்தான் வரும். வங்கியில் வேலை செய்கிறவர்களிடம் கம்பனி ஈடுபோடுமா என்று விசாரியுங்கள், பல இடங்களில் ஊழியர் கொடுப்பதற்குச் சமமாக நிறுவனமும் கொடுக்கும். அமைப்பு பதிவுபெற்ற தர்ம அமைப்புத்தானா என்று வரித் திணைக்களத்தின் பட்டியலில் பார்க்கலாம். காசோலை நேரே அமைப்பின் பெயருக்கு, சங்கத் தலைவரின் கணக்குக்கு அல்ல!

கேள்வி: "இங்கே அரசாங்கம் பார்க்கும், ஊருக்கு அனுப்புவோம். சொல்வழி கேளாமல் வீட்டைவிட்டு ஓடினதுகளுக்கு ஏன்?" என்கிறார் எங்கள் தலைவர். என்ன சொல்ல?

பதில்: ஊருக்கும் அனுப்பச் சொல்லுங்கள், யார் தடுத்தது? கனடா முழுக்க வீடில்லாத 1,103 இளையோரிடம் எடுத்து 2016இல் வெளியான ஆய்வில் 40 வீதம் பேர் 16 வயதுக்கு முன்பே முதல்தடவை வீட்டை இழந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சிறுவர் பாதுகாப்புத் துறையின் கைபட்டு வந்தவர்கள். கிட்டத்தட்ட 30 வீதம் பேர் தற்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றோர். அதாவது பலருக்கு வீட்டில் அடி விழுந்தது, அல்லது தான் யார் என்று சொன்னதும் கதவு சாத்தப்பட்டது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய் சொல்வழி பற்றிக் கதைக்க எனக்கு வாய் வராது.

எங்கள் பிள்ளைகள் அப்படியில்லை என்பார், தெரியும். எங்கள் பிள்ளை சிநேகிதனின் பேஸ்மென்ற் சோபாவில் படுத்திருந்தால் தெருவில் கண்ணில் படாது, அவ்வளவுதான் வித்தியாசம். விடுதிப் பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை பூசை முடிய பத்து நிமிடம் பேசவிடுங்கள், தலைவர் முன்வரிசையில் இருக்கட்டும்.

கேள்வி: உடுப்பு, சாப்பாடு கொடுக்கலாமா?

பதில்: முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். பழைய கோட்டுகளை மூட்டை மூட்டையாக இறக்கினால் தரம்பிரிக்க ஒரு ஆளை வைக்க வேண்டும். நான் கொடுப்பதென்றால் புதுச் சொக்ஸ், உள்ளாடை. பனிக்குத் தெருவில் போடுகிற உப்புக் கரைந்த தண்ணீரில் ஊறின சப்பாத்தோடு நாள் முழுக்கத் திரிகிறவனுக்குக் காய்ந்த சொக்ஸ் பெரிய விஷயம். பஸ்ஸுக்கு பிரெஸ்டோ அட்டையும் கொடுக்கலாம். சமைத்த சாப்பாடு பல இடங்களில் எடுக்கமாட்டார்கள். அவர்களுடைய குசினியிலேயே வந்து சமைக்கச் சொன்னால் போங்கள், உறைப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.